எடை குறைத்தால் உயரமாக எம்ப முடியுமா?

கேள்வி: வயது 19. கல்லூரி வாலிபால் அணியில் அட்டாக்கர். 66 கிலோ இருந்தேன். "மூணு கிலோ குறைச்சா நெட்டுக்கு மேல கை நல்லா ஏறும்" என்றார் கோச். இரண்டு மாதமாக இரவில் சாப்பிடாமல் 63-க்கு வந்துவிட்டேன். எம்பும் உயரம் கூடவே இல்லை; கால்தான் சோர்கிறது. மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. இன்னும் குறைக்க வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். இன்றிரவே வயிறாரச் சாப்பிடுங்கள். விளையாடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது சகஜம் என்பார்கள், நம்பாதீர்கள். பயிற்சிக்கு ஈடான உணவு கிடைக்காதபோது உடல் அதைத் தள்ளிப்போடுகிறது. இது நீடித்தால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலவீனமாகும், குதித்திறங்கும் காலில் நுண்முறிவு வரலாம். வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மகளிர் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.

கோச் சொன்னதில் பாதி உண்மை. 40 செ.மீ. தாழ்ந்து, அங்கிருந்து உந்தி, நின்ற இடத்திலேயே 40 செ.மீ. எம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கால்கள் தரையில் கொடுக்கும் சராசரி விசை உடல் எடையைப் போல இரு மடங்கு: 66 கிலோவுக்கு 132. கால் பலம் துளியும் குறையாமல் 3 கிலோ கொழுப்பு மட்டும் கரைந்தால் கணக்குப்படி 4 செ.மீ. கூடலாம். ஆனால் பட்டினியில் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். அந்த 132 என்பது 126 ஆனால் லாபம் பூஜ்யம். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

மறுபக்கம் பாருங்கள். 66 கிலோவிலேயே இருந்துகொண்டு விசையை 132-லிருந்து 139 ஆக்கினாலும் அதே 4 செ.மீ. கிடைக்கும்! இதற்குப் பட்டினி தேவையில்லை. வாரம் இரண்டு நாள் எடை தூக்கி ஸ்குவாட், இன்னும் இரண்டு நாள் குறைந்த எண்ணிக்கையில் முழு வேகத் தாவல், நடுவே நல்ல ஓய்வு. மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். முட்டை, மீன், சுண்டல், பருப்பு தாராளமாக இருக்கட்டும். சோற்றை ஒதுக்க வேண்டாம்.

பனிச்சறுக்குத் தாவலில் மெலிந்தவர் காற்றில் அதிக தூரம் மிதப்பார். அங்கேயே வீரர்கள் பட்டினி கிடப்பதைத் தடுக்க, உயரத்துக்கேற்ற எடை இல்லாதவரின் சறுக்குக் கட்டையைக் குட்டையாக்கும் விதி வந்துவிட்டது.

கோச்சிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எடை மெஷினை ஒதுக்கிவிட்டு, விரலில் சாக்பீஸ் பொடி தடவிச் சுவரில் எம்பித் தொட்டு, மாதம் ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள்.