ஏழாம் இடத்தோடு கதை முடியாது

நண்பரே, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் உங்கள் அணி ஏழாவதாக முடித்து, பிளே-இன் (ஏழு முதல் பத்து வரை வந்த அணிகள் கடைசி இடங்களுக்கு மோதும் சுற்று) முதல் ஆட்டத்திலும் தோற்றுவிட்டது, இனி விடிகாலையில் எழுவது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. அந்த ஆட்டத்தில் தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒன்பதாவது, பத்தாவது அணிகளின் மோதலில் வென்றவர்களை ஜெயித்தால் எட்டாம் இடம், பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று உறுதி.

2023இல் மயாமி ஹீட்டும் இதே நிலைதான். 82 ஆட்டங்களில் 44 வெற்றி. அட்லாண்டாவிடம் தோற்று, சிகாகோவை வென்று உள்ளே வந்து, முதலிடத்தில் இருந்த மில்வாக்கியைத் தொடரில் 4-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஐந்தாவது ஆட்டத்தில் நேரம் முடிய அரை நொடி இருக்க, மயாமியின் ஜிம்மி பட்லர் அந்தரத்திலேயே பந்தைப் பிடித்துக் கூடைக்குள் போட்டாரே, அப்பப்பா! இறுதிச்சுற்று வரை போய் டென்வரிடம்தான் தோற்றார்கள்.

அப்புறம், பிளேஆஃப் நாட்களில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 7 மணி ஆட்டம் சென்னையில் காலை 4.30க்கு. நீங்கள் வேளச்சேரியில் ரயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். தாராளமாக அலாரம் வையுங்கள்.