மாமாவின் கண்ணையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

தம்பி, அக்காவுக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்); ஸ்டீராய்டு போட்டும் இரண்டு கண்ணும் தெளியவில்லை, தாய்மாமாவுக்கும் இளவயதிலேயே பார்வை போனது என்கிறீர்கள். மாமா விஷயத்தை நரம்பு டாக்டரிடம் சொன்னீர்களா?

நானும் எம்.எஸ்.காரிதான், சேலம் அம்மாபேட்டை. எனக்கு ஒரு கண் மட்டும் வலித்து மங்கி, சில வாரத்தில் தெளிந்தது. அக்காவுக்கு வலியே இல்லாமல் இரண்டு கண்ணும் அடுத்தடுத்து போயிருந்தால், எம்.எஸ்.ஸோடு, லீபர் என்ற பரம்பரைப் பார்வை நரம்பு நோயும் கூட இருக்கலாம். இந்தச் சேர்க்கையை 1992-லேயே ஹார்டிங் என்ற டாக்டர் எழுதியிருக்கிறார்.

செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் மரபணு வழியாக, தாயிடமிருந்து வருவது அது. ரத்தத்தில் 11778, 14484, 3460 என்ற மூன்று மரபணு மாற்றங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு இருந்தால் உங்களுக்கும் இருக்கலாம்; நீங்கள் ஆண் என்பதால் உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது. சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அப்புறம், அக்காவின் எம்.எஸ். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.