வெளிநாடு கட்டித்தரும் அணுமின் நிலையம்: ஊர்க் கூட்டத்தில் எதைக் கேட்பது?

குச்சவெளிப் பிரதேசத்து மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செயலாளர் அனுப்பிய கேள்வி இது: "புல்மோட்டைப் பக்கம் அணுமின் நிலையம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வெளிநாட்டுக் கம்பனியே காசு போட்டுக் கட்டி, ஆள் வைத்து நடத்தி, கழிவையும் கொண்டுபோய்விடும், எங்களுக்குக் கரண்ட் மட்டும் வரும் என்கிறார்கள். இது நடக்கிற காரியமா? நாளைக்கு அதிகாரிகள் கூட்டம் வைத்துக் கூப்பிட்டால் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?"

இதை எழுதும் வேளையில், அணு உலை ஒன்றைக் கட்டுவதற்கு எந்த நாட்டுடனும் இலங்கை ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அணுசக்தி சபையும், அதிலிருந்து பிரிந்து நிற்கும் ஒழுங்குபடுத்தல் பேரவையும் அமைக்கப்பட்டன. 2015 பெப்ரவரியில் இந்தியாவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் நிபுணர் குழு வந்து நாட்டின் ஆயத்த நிலையை மதிப்பிட்டது. அந்த முகவரகத்தின் கணக்கில், முதன்முறையாக இறங்கும் நாடொன்று முதல் யோசனையிலிருந்து முதல் மின்சாரத்தைக் காண 10 முதல் 15 ஆண்டுகள் செல்லும். ஆகவே கேட்பதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் அடித்தளம் போட்ட பின்னர் கேட்டால் பயனில்லை.

எந்த நாடு கட்டுகிறது என்பதிலேயே ஊர்ப்பேச்சு நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, நிலையம் யாருக்குச் சொந்தம், யார் இயக்குவது, யார் கண்காணிப்பது, பணத்தை யார் எந்த நாணயத்தில் கட்டுவது என்பதுதான். நீங்கள் கேள்விப்பட்டதைப்போல, வெளிநாட்டுக் கம்பனியே காசு போட்டு, கட்டி, சொந்தமாக வைத்து நடத்தும் முறை உலகில் உண்டு. அதற்கு எடுத்துக்காட்டு துருக்கியின் மத்தியதரைக் கடற்கரையில் எழும் அக்குயு நிலையம். 2010இல் ரஷ்யாவும் துருக்கியும் செய்த உடன்படிக்கைப்படி, தலா 1,200 மெகாவாட் அளவில் நான்கு உலைகளை ரஷ்ய அரச நிறுவனமான ரொசாட்டம் தன் செலவில் கட்டுகிறது. ஆனால் காசு போட்டவர் சும்மா விடுவதில்லை. முதலிரண்டு உலைகளின் மின்சாரத்தில் 70 வீதத்தையும் மற்ற இரண்டின் மின்சாரத்தில் 30 வீதத்தையும் 15 ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 12.35 அமெரிக்க சதம் கொடுத்து வாங்குவதாகத் துருக்கி ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால், அது அலகுக்கு ஏறத்தாழ 37 ரூபா. மன்னார்க் காற்றாலைத் திட்டத்தில் 8.26 சத விலைக்கே இங்கு எவ்வளவு சர்ச்சை எழுந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். விலை டொலரில் எழுதப்பட்டிருந்தால், ரூபா சரியும்போதெல்லாம் அந்தச் சுமை மின்கட்டணத்தில்தான் வந்து விழும்.

இரண்டாவது முறை, கடன் வாங்கி நாமே சொந்தக்காரராவது. பங்களாதேஷின் ரூப்பூரில் 2017இல் கட்டத் தொடங்கிய 2,400 மெகாவாட் நிலையத்தின் செலவு 12.65 பில்லியன் டொலர், அதில் 90 வீதம் ரஷ்யக் கடன். உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வங்கிகள் மீது தடைகள் வந்தபோது, கட்டவேண்டிய தொகையைக் கையில் வைத்துக்கொண்டும் அனுப்ப வழியில்லாமல் டாக்கா திண்டாடியது. 2023இல் சீன யுவானில் செலுத்துவதென்று இரு தரப்பும் இணங்க வேண்டியிருந்தது. வழங்குநர் நாட்டின் அரசியல், வாங்கிய நாட்டின் வாசலுக்கு வருவது இப்படித்தான். இது ரஷ்யாவுக்கு மட்டும் உரிய குறை என்று எவரும் எண்ண வேண்டாம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு நம்முடையது என்பதால், எந்த நாட்டுக் கடனாக இருந்தாலும் அதன் தவணையும் வட்டியும் பிணையும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று கேட்பதற்கு நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காரணம் உண்டு.

ஓடாத உலையையும் கடன் விட்டுவைப்பதில்லை. பிலிப்பைன்ஸின் பட்டான் குடாநாட்டில் அமெரிக்க நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸ் 1976இல் கட்டத் தொடங்கிய 621 மெகாவாட் நிலையம், இரண்டு பில்லியன் டொலருக்கு மேல் விழுங்கிக் கட்டி முடிக்கப்பட்டும், ஒரு நாளும் எரிபொருள் ஏற்றப்படாமலே கிடக்கிறது. ஊழல் குற்றச்சாட்டு, நிலநடுக்க அச்சம், மார்க்கோஸ் ஆட்சியின் வீழ்ச்சி, அதே 1986இல் செர்னோபில் விபத்து எல்லாம் சேர்ந்து அதை முடக்கின. ஒரு அலகு மின்சாரமும் தராத அந்த நிலையத்தின் கடனை அந்நாட்டு மக்கள் 2007 வரை கட்டினார்கள்.

"எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்ற பேச்சு மிக மோசமாகப் பிழையாவது விபத்துப் பொறுப்பில்தான். வியன்னா, பாரிஸ் ஆகிய சர்வதேச உடன்படிக்கைகளின் அடிப்படை, அணு விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் நிலையத்தை இயக்குபவருடையது என்பதாகும். உலையை விற்றவரிடம் பாதிக்கப்பட்டவர் நேரே போய் நிற்க முடியாது. பொறுப்புக்குப் பெரும்பாலும் ஓர் உச்ச வரம்பும் வைக்கப்படும். இந்தியா 2010இல் இயற்றிய சட்டத்தில், குறைபாடுள்ள பொருளைக் கொடுத்தவரிடமிருந்து இழப்பீட்டை இயக்குநர் மீட்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அதன் பிறகு ஜைதாபூரில் பிரெஞ்சுக்காரரும் கொவ்வாடாவில் அமெரிக்கரும் கட்டுவதாக இருந்த உலைகள் ஆண்டுக்கணக்காகத் தாளிலேயே நின்றன; ரஷ்யர் கட்டும் கூடங்குளத்தின் மூன்றாம், நான்காம் உலைகளுக்கான பேச்சுவார்த்தைகூட இழுபட்டது. பெரிய சந்தையான இந்தியாவுக்கே அந்த நிலை என்றால், ஒரு சிறிய உலை வாங்கப்போகும் நமக்கு விற்பவர் எளிதில் விட்டுக்கொடுப்பார் என்று நான் நம்பவில்லை. வெளிநாட்டு நிறுவனமே இயக்கினாலும் ஒரு நுட்பம் இருக்கிறது: இயக்குநர் என்று பதிவாவது பெரும்பாலும் உள்நாட்டில் தொடங்கப்பட்ட துணை நிறுவனமாகவே இருக்கும். அதன் பெயரில் உலையைத் தவிர வேறு சொத்து இல்லாவிட்டால், தாய் நிறுவனமோ அந்த நாட்டு அரசோ உத்தரவாதம் தருகிறதா என்று கேளுங்கள்.

கண்காணிப்பை மட்டும் வெளிநாட்டிடம் விட முடியாது, விடவும் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் தென்கொரிய நிறுவனமான கெப்கோ நான்கு உலைகளைக் கட்டியது. முதலாவது உலை 2017இல் ஓட வேண்டும் என்பது திட்டம். கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தபோதும், இயக்குவதற்கான ஆட்களும் ஏற்பாடுகளும் இன்னும் தேறவில்லை என்பதால் அனுமதி தள்ளிப்போனது. அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2020 பெப்ரவரியில்தான் இயக்க அனுமதி கொடுத்தது, அவ்வாண்டு ஆகஸ்டில் மின்சாரம் வந்தது. காசுக்குக் குறைவில்லாத நாடு மூன்று ஆண்டு காத்திருந்தது. இலங்கையின் ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு அப்படிக் கட்டுநரை நிறுத்திவைக்கும் அதிகாரமும், அதைச் செய்யத் தெரிந்த பொறியியலாளர்களும் இருப்பார்களா என்பதுதான், என் கணிப்பில், உங்கள் கூட்டத்தில் எழும் கேள்விகளிலெல்லாம் கனமானது.

உலையின் அளவைப் பற்றியும் ஒரு சொல். நாடு முழுவதற்குமான உச்ச மின்தேவை 2,700 மெகாவாட் அளவில்தான் நிற்கிறது. தனி உலை ஒன்று மின்வலையமைப்பின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொறியியல் வழக்கம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதி 2025 பெப்ரவரி 9இல் தீவே இருண்டதை நினைத்தால், 1,200 மெகாவாட் உலை திடீரென நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே இங்கு பேசப்படுவது சிறிய உலைகள். 300 மெகாவாட் அளவில் வெளிநாட்டார் கட்டி ஓடுவனவற்றுக்கு, பாகிஸ்தானின் சஷ்மாவில் சீனா கட்டிய நான்கு உலைகள் இருக்கின்றன. புதிய வகைச் சிறு உலைகளில், ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் பெவெக் துறைமுகத்தில் 2020 முதல் இயங்கும் 70 மெகாவாட் மிதக்கும் நிலையம் விற்பவரின் சொந்த நாட்டிலேயே இருக்கிறது. "இதே மாதிரி உலை வேறெங்கே, எத்தனை ஆண்டாக ஓடுகிறது?" என்று கேட்டு, பதிலில் உள்ள ஊரின் பெயரை எழுதி வையுங்கள்.

கடல் உங்கள் தொழில் என்பதால், இனி அதற்கு வருகிறேன். அணு உலை உண்டாக்கும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது. மீதி குளிரூட்டும் நீரோடு கடலுக்குப் போகும். உள்ளிழுக்கும் வாயில் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் சிக்கும், வெளிவிடும் இடத்தில் நீர் சில பாகை சூடாக இருக்கும். இவை நிலையத்தைக் கட்டுவது எந்த நாடானாலும் மாறாதவை, வடிவமைப்பால் குறைக்கக்கூடியவை. அதனால் குளிர்நீர்க் குழாய் எவ்வளவு தூரம் கடலுக்குள் போகிறது, பாதுகாப்பு வலயத்துக்காக வள்ளங்கள் விலக வேண்டிய தூரம் எவ்வளவு, கரைவலைப்பாடுகளும் வாடிகளும் அதற்குள் விழுகின்றனவா என்பவற்றை வரைபடத்தோடு கேளுங்கள். வாயால் சொல்லும் தூரத்தை நம்ப வேண்டாம். காணி விடயத்தில் சம்பூர் மக்களைவிட நல்ல ஆலோசகர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். இந்தியாவுடன் கூட்டாகத் திட்டமிட்ட 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டது, ஆனால் அதன் பெயரால் காணி இழந்தவர்கள் அலைந்த அலைச்சல் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கட்டும் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேண்டும், அவர்களுள் கணிசமானோர் கட்டும் நாட்டிலிருந்தே வருவர். ரூப்பூரிலும் பல ஆயிரம் ரஷ்யர்கள் தங்கி வேலை செய்தார்கள். இயங்கத் தொடங்கியபின் தேவைப்படுவோர் குறைவு, தகுதி கூடுதல்.

கழிவை "கொண்டுபோய்விடுவார்கள்" என்பது பாதி உண்மை. ரூப்பூரின் எரிந்து முடிந்த எரிபொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள 2017இல் ரஷ்யா உடன்பட்டது. கூடங்குளத்தில் அது இந்தியாவிலேயே இருக்கிறது. எடுத்துச்செல்வதாக எழுதினாலும், அந்த எரிபொருளை மீண்டும் பதப்படுத்தும் மறுசீராக்கத்தில் பிரியும் கழிவு திரும்பி வருமா, எடுத்துச்செல்லும் வரை எத்தனை ஆண்டு இங்கே நீர்த்தொட்டியில் கிடக்கும், உலையைக் கலைக்கும் செலவுக்கு நிதி எங்கே சேர்க்கப்படும் என்பவை அதே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். புல்மோட்டை மணலில் உள்ள மொனசைட் கனிமத்தில் தோரியம் இருக்கிறதே, எரிபொருள் நம்மிடமே உண்டே என்று சிலர் கேட்கிறார்கள். இன்று விற்பனைக்கு வரும் உலைகள் செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடுபவை, அதுவும் வெளியிலிருந்தே வரும். வழங்குநர் ஒருவரையே நம்பியிருக்கத் தேவையில்லை என்பது மட்டும் ஆறுதல்: சோவியத் காலத்து உலைகளுக்கு உக்ரைன் வெஸ்டிங்ஹவுஸிடம் எரிபொருள் வாங்கி ஓட்டுகிறது.

இனி, கேள்விகளை எங்கே கொடுப்பது. கூட்டத்தில் எழுந்து பேசுவது போதாது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துச் சொல்ல 30 நாட்களே உண்டு. ஆகவே வள்ளங்களின் எண்ணிக்கை, மீன்பிடிப் பாடுகள், பருவ காலம் ஆகியவற்றைச் சங்கம் இப்போதே எழுத்தில் தொகுத்து வைத்தால்தான் அந்த 30 நாட்களுக்குள் ஒரு முறையான கருத்துரையைக் கொடுக்க முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டமொன்றைத் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் அதன் விவரங்களை அமைச்சர் வெளியிட வேண்டும். வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கைப் பேச்சுவார்த்தை முடியும் வரை அதுபற்றிய தகவலை மறுக்க அதே சட்டம் இடமளிக்கிறது என்பதால், இப்போது கேட்டால் கிடைக்கக்கூடியது இடத்தேர்வு ஆய்வு, கடற்கரை அளவை போன்றவைதான். அவற்றைக் கேட்டுத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதி, அணுசக்தி சபையின் தகவல் உத்தியோகத்தருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.