தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் ஆறு லட்சம் இருந்தும் சம்பளம் கொடுக்கக் கூடாதா?

கொடுக்கக் கூடாது என்று உங்கள் கணக்காளர் சொல்வது சரி. அந்த ஆறு லட்சத்திலிருந்து அலுவலகச் சம்பளம் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது குறிப்பிட்ட திட்டத்துக்கென வந்து, இன்னும் செலவாகாத நன்கொடையாக இருக்கும்.

ஒரு தாளில் வங்கி இருப்பை எழுதுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் வந்த தொகையில் செலவானது போக மீதி எவ்வளவு என்று பார்த்து, அந்த மீதிகளை இருப்பிலிருந்து கழியுங்கள். எஞ்சுவதுதான் எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாத பொது நிதி; சம்பளத்தை அதிலிருந்து கொடுக்கலாம். கழித்தபின் பூஜ்யத்துக்குக் கீழே போனால், திட்டப் பணத்தில் ஏற்கெனவே கை வைத்தாகிவிட்டது.

நன்கொடையாளருடன் போட்ட ஒப்பந்தத்தின் பட்ஜெட்டில் நிர்வாகச் செலவுக்கு இடமிருந்தால் அந்த அளவு எடுக்கலாம். பலரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை!

வெளிநாட்டு நன்கொடை என்றால் கவனம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (FCRA) 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், நிர்வாகச் செலவு அந்த நன்கொடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்நாட்டுப் பணத்தோடு கலக்கவும் கூடாது, "அடுத்த மாதம் திருப்பி வைக்கிறோம்" என்றாலும்கூட.