உங்கள் சவுண்டரில் பழுது இல்லை, அந்த மௌனம்தான் குறி

கடிகாரங்களைச் சரிசெய்ய அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் தந்தியில் அனுப்பிவந்த பழைய நண்பகல் சிக்னலை உங்கள் தந்தி சவுண்டரில் (தந்தித் துடிப்பை ‘டக்’ ஒலியாக்கும் கருவி) ஓட்டினால், 29-ஆவது வினாடியில் ‘டக்’ விழுவதில்லை, ஸ்பிரிங் தளர்ந்திருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், சவுண்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது!

சிக்னல் அனுப்பிய கடிகாரத்தில் வினாடிக்கு ஒரு பல் கொண்ட சக்கரம் இருந்தது. ஒவ்வொரு பல்லும் மின்சுற்றைத் தொட்டுவிட்டுப் போகும். சில பற்களை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். வெறும் ‘டக் டக்’ மட்டும் கேட்டால் எது எத்தனையாவது வினாடி என்று எப்படித் தெரியும்? 29 விடுபட்டால் அடுத்தது 30. 55 முதல் 59 வரை அமைதி என்றால் அடுத்த ஒலி புது நிமிடம். 11:59-இல் மட்டும் கடைசிப் பத்து வினாடியும் மௌனம், பிறகு ஒரே ஒலி: சரியாக 12 மணி. அந்தப் பத்து வினாடியில்தான் ரயில் நிலையத்தில் இருப்பவர் கடிகாரத்தில் கை வைத்துத் தயாராவார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சவுண்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் இருமுறை ஒலிக்கும். தொடக்க ஒலியை மட்டும் எண்ணுங்கள்.