கேளுங்கள், பேசுவோம்: சிறையிலிருந்து வருகிறவரை எப்படி வரவேற்பது?

கேள்வி: என் அண்ணனுக்கு 43 வயது. அடிதடி வழக்கில் தண்டனை பெற்று மதுரை மத்திய சிறையில் இருக்கிறார், அடுத்த மாதம் விடுதலை. உள்ளே போன பிறகுதான் மனச்சிதைவு நோய் இருப்பது தெரிந்து மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரையும் உண்டு. முன்பு நிறையக் குடிப்பார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, என் கணவரோ நம் வீட்டில் வேண்டாம் என்கிறார். வந்ததும் ஒரு வேலையில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுவாரா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, வேலையை ஒரு மூன்று மாதம் தள்ளி வையுங்கள். எல்லாக் குடும்பமும் முதலில் வேலையைத்தான் தேடுகிறது, ஆனால் இப்படி வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, வந்த முதல் சில வாரங்களில். உள்ளே மாத்திரை நேரத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் உண்டு, சாப்பாட்டுக்கு மணி உண்டு, சாயங்காலமே லாக்கப். வெளியே வந்த அன்றைக்கு இது எதுவும் இல்லை. கையில் இருக்கும் மாத்திரை தீர்ந்துபோகும், அடுத்தது எங்கே வாங்குவது என்று அவருக்கும் தெரியாது, வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ராத்திரி தூக்கம் போகும், தனக்குத்தானே பேசுவார், 'ஜெயில் புத்தி போகவில்லை' என்பார்கள் அக்கம்பக்கத்தில். காரணம் புத்தி இல்லை, மாத்திரை நின்றதுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த முப்பதாயிரம் பேரைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேல் இருந்தது, அதில் போதை மருந்து அளவு மீறியதே முதல் காரணம். நம் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் இத்தனை வருடம் குடிக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பது எங்கேயும் ஒன்றுதான். பழைய கூட்டாளிகள் வாங்கித் தரும் முதல் பாட்டில்தான் ஆபத்து. இதை அவரிடம் கோபமில்லாமல், மறைக்காமல் சொல்லுங்கள்.

அதனால் அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கப் போகும்போதே சிறை மருத்துவரிடம் நோயின் பெயர், மாத்திரைகளின் பெயர், அளவு எல்லாம் எழுதிய சிகிச்சைக் குறிப்பு வேண்டும் என்று கேளுங்கள், எழுத்தில் ஒரு விண்ணப்பமும் கொடுத்துவிடுங்கள். விடுதலையாகும் அன்று கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் கையில் தரச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், மாத்திரை இலவசம். தினமும் விழுங்க மறுத்தால், சில வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை மாத்திரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வரும். ராத்திரியில் ஏதாவது ஆகி யாரைக் கேட்பது என்று தவித்தால் 14416, டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பயம் நியாயமானதுதான். ஒரே வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை, சாப்பாடு மட்டும் உங்களிடம் என்று ஆரம்பிக்கலாம். அதுவும் முடியாது என்றால், மாவட்ட நன்னடத்தை அலுவலரை விடுதலைக்கு முன்பே பாருங்கள், விடுதலையானவர்களுக்கு வழிகாட்டுவது அவர்கள் வேலைதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி சமூகத்தோடு வாழும் உரிமையைச் சொல்கிறது, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கிப் பழகும் இடைநிலை இல்லங்களை ஏற்படுத்தும் பொறுப்பை அரசுக்கே கொடுத்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட இல்லங்கள் நம்மிடம் போதாது. ஒரு தங்கைமேல் மொத்தப் பாரத்தையும் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்குவது எனக்கு ஒப்பவே இல்லை. அலைக்கழித்தால் 15100க்குப் போன் செய்து சட்ட உதவி கேளுங்கள், மனநோய் உள்ளவர்களுக்கு அது இலவசம்.

அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு. டீக்கடையில்கூட போனை நீட்டிப் பணம் கட்டும் காலம் இது, அவர் போனபோது உலகம் இப்படி இல்லை. கூடவே போய்ப் பழக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் லேத் பட்டறையில் சிறையிலிருந்து வந்த ஒருவரைச் சேர்த்திருக்கிறேன். நல்லவர், ஆனால் மாத்திரை சாப்பிட்டுக் காலையில் தூங்கி வழிகிறார். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்.
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, சேர்த்துக்கொண்டதற்கே உங்களுக்கு நன்றி. அந்தத் தூக்கம் சோம்பல் இல்லை, மாத்திரையின் வேலை. நேரத்தை மாற்ற முடியுமா என்று அவரை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், தானாக மட்டும் குறைத்துவிடக் கூடாது. அதுவரை ஓடும் மெஷினில் நிறுத்தாதீர்கள், பிசிறு தட்டுவது, பேக்கிங் என்று கொடுங்கள். அவர் என்ன வழக்கில் போனார் என்பதை மற்றவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொன்னால் சரி. மருத்துவமனைக்குப் போகும் நாளில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அவர் அடுத்த மாதம் போக மாட்டார்.