பருவத்துக்கேற்ற வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு அலங்காரத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்ற விரும்புகிறேன். நான்கு பருவங்களுக்கென்று சொல்லப்படும் யோசனைகள் நம் ஊருக்குப் பொருந்துமா? குறைந்த செலவில் எவற்றை மாற்றலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அவை அப்படியே பொருந்தமாட்டா. பனிப்பொழிவு இல்லாத நெல்லைச் சீமையில், பங்குனி தொடங்கி வைகாசி வரை நீளும் வெயில், ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று, ஐப்பசி கார்த்திகையின் அடைமழை ஆகிய மூன்றையும் வைத்தே திட்டமிட வேண்டும்.

கோடையில் கனத்த தரைவிரிப்பை எடுத்துவிட்டுக் கோரையில் நெய்த பத்தமடைப் பாயை விரியுங்கள். வெறுங்காலுக்குக் குளிர்ச்சியும் கண்ணுக்கு நிறைவும் தரும் அந்தப் பாய்க்கு ஈடான கோடை அலங்காரம் நம் பக்கத்தில் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் கோரை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும் இயல்புடையது. ஆகவே ஐப்பசி பிறக்குமுன்பே அதை நிழலில் நன்கு உலர்த்தி, சுவரை ஒட்டாத இடத்தில் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் கோரை முறிந்துவிடும். (பலரும் செய்யும் பிழை இதுதான்.)

மேற்கு ஜன்னலுக்கு வெயில் காலத்தில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி நல்லது. காற்றுக் காலத்தில் புழுதி படியும் என்பதால், எளிதில் துவைக்கக்கூடிய வெளிர்நிறப் பருத்தித் திரைகளே போதும்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். அப்போது மஞ்சள் ஒளி விளக்கும் அடர்நிறத் தலையணை உறைகளும் கூடத்துக்குக் கதகதப்பூட்டும். துவைத்த துணி விரைவில் காயாது என்பதால், உறைகளில் மட்டும் கூடுதலாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.